இடுப்பை விட்டு இறக்காத பிள்ளை

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, எதிர்வீட்டு ராத்தா, ராத்தாவின் பன்னிரண்டு வயது மகள், மூன்று வயது நிறைய இரண்டு மாதம் இருந்த என் மகன். ராத்தா வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்றும் இருந்தது. ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யார் எங்கே நின்றார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். எத்தனையோ தடவை எல்லோரையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்திருக்கிறேன், யார் கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும் என்று. நாத்தனார் வெற்றிலைத் தட்டோடு கதவோரம் நின்றார். வீட்டுக்காரர் படிக்குக் கீழே, தெருவில், யாரோ போகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ராத்தாவும் மகளும் எதிரே தங்கள் வாசலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு எல்லோரையும் விடப் பக்கத்தில் இருந்தவள் நான்தான். இரண்டு முழ தூரம்.

அன்று நாங்கள் எங்கள் பிள்ளையை விலை கொடுத்து மீட்க இருந்தோம்.

இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். எனக்கு அவன் மூன்றாவது. முதல் பிள்ளை பதினோராம் நாள் ஜன்னி கண்டு போனான். இரண்டாவது பெண். பத்து மாதத்தில் தவழ்ந்து வீடெல்லாம் சுற்றிவந்தாள். ஒரு நாள் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். குழவி ஓடும் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

இப்படி இரண்டைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாவது பிறந்தால் அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் தேடி வரும்போது பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மூன்றாம் நாள் மருத்துவச்சி அவனை முறத்தில் போட்டுத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். ராத்தா ஒரு படி தவிடு அளந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ராத்தா முஸ்லிம் வீட்டுப் பெண்; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு சைகோனில் துணிக்கடை. பெற்றது ஐந்து, ஐந்தும் உயிரோடு இருந்தன, நாலைக் கட்டிக்கொடுத்துவிட்டார். கைராசிக்காரி என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தோம். வாங்கிய பிள்ளையை அரைமணி நேரத்தில் அவரே தூக்கிவந்து என் மடியில் போட்டு, "எம் புள்ளைக்குப் பால் குடுத்து வளத்துக் குடு புள்ள. கூலி கேக்காத," என்று சிரித்தார். மூன்றாவது வயதில் வெற்றிலை பாக்கோடு ஒன்றேகால் ரூபாய் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை அவனை 'என் பிள்ளை' என்று நான் வாய் தவறியும் சொல்லக் கூடாது. மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர் முனிசிபல் ஆபீஸில், பிறப்பைப் பதிந்தபோது தகப்பன் என்று என் வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுதினார்கள். எங்கள் தெருவுக்கு அவன் பாய்வீட்டுப் பிள்ளை.

இதெல்லாம் ஊர் வழக்கம். இதில் எனக்கு இன்று வருத்தம் எதுவும் இல்லை. யாரும் சொல்லாத ஒன்றை நானாகச் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள், வருத்தம் அதில்தான். மீட்கும் நாள்வரை அவன் உடம்பு தரையில் படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்தவர் பொருளை இரவல் வாங்கினால் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்வதில்லையா, அதுபோல. கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றேன். வேண்டுதல் என்றால் ஊரில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். எந்த சாமிக்கு என்று ராத்தா மட்டும் ஒருமுறை கேட்டார்.

தூளி, கட்டில், என் இடது இடுப்பு. மூன்று வருஷம் போல அவன் இருந்த இடம் இந்த மூன்றுதான். கட்டிலைச் சுற்றித் தலையணை அடுக்குவேன். உளுந்து ஆட்டுவதும் சோறு வடிப்பதும் தண்ணீர் எடுப்பதும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான். அவன் கால் தொங்கிக்கொண்டே இருக்கும். கட்டில் மேலேயே சட்டத்தைப் பிடித்து நிற்பான், நாலு எட்டு வைப்பான், உடனே தூக்கிவிடுவேன். சதை போட்டு அழகாக இருந்தான். பேச்சு நன்றாக வந்தது. அதனால் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

இல்லை, தோன்றியது. பொய் எழுதக் கூடாது. மதில் மேல் காக்கை வந்து உட்கார்ந்தால் எட்டிப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுவான். கை எட்டாததற்கு அழுவான். பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தை எடுக்கப் போனால் கை கிண்ணத்தைத் தாண்டிப் போகும், இல்லை அதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். கண்ணில் கோளாறோ என்று எனக்குப் பயம் வந்தது. கைமருந்து என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினேன். பொன்னாங்கண்ணிக் கீரையாகச் சமைத்துப் போட்டேன். ஊசியில் நூல் கோப்பதைக் காட்டிப் பார்ப்பேன். அவன் கண் நூலோடேயே போகும். பார்வை இருக்கிறதே, பிறகு என்ன என்று குழம்புவேன்.

இன்னொன்றும் இருந்தது. கட்டில் விளிம்புக்கு வந்தால் அவன் நிற்க மாட்டான். கீழே பள்ளம் என்கிற எண்ணமே இல்லாமல் அப்படியே முன்னால் சாய்வான். பிடித்துக்கொள்வோம். "பயம்னா என்னான்னே தெரியல பாத்தியா, சிங்கக்குட்டி," என்று நாத்தனார் பெருமைப்படுவார். நானும் பெருமைப்பட்டேன். பயந்து பயந்தே சாகிற என் வயிற்றில் பயமில்லாத பிள்ளை பிறந்திருக்கிறதே என்று.

என் வீட்டுக்காரருக்கு அம்பகரத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணுவார். வண்டி எந்த ஊர்த் திருப்பத்தில் போகிறது என்று வெளியே பார்க்காமலே உள்ளங்காலால் சொல்லிவிடுவார். உட்கார்ந்து வந்தால் வழி தெரியாது என்பார். அவர் ஒருநாள் சொன்னார்: "இவன் உட்கார்ந்தே வர்ற பாசஞ்சர். எந்த ஊரு வந்தாலும் இவனுக்குத் தெரியப் போறதில்ல." தமாஷாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேசுவது சுலபம், தொட்டியை எட்டிப் பார்த்தவள் நான்தானே என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆவணியில் நல்ல நாள் பார்த்தோம். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டேன். வாசல் நிலைக்கு வெளியே ஒரு சிறிய மேடை, அதிலிருந்து தெருவுக்கு மூன்று படி. ராத்தா வந்து பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், நான் பிள்ளையைத் தரையில் இறக்க வேண்டும். அவர் வருவதற்கு முன்னாலேயே நான் இறக்கிவிட்டேன். முந்தானையில் பணம் முடிந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கீழே விடாதவள் ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்காக விட்டேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். படியின் விளிம்பில் அந்த ஆட்டுக்குட்டி நின்றது. எங்கள் வாசலுக்கு எப்படியோ ஏறி வந்திருந்தது. கீழே குனிந்து பார்த்தது, முன்னங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கத்தியது. நாலு நாள் குட்டி. பள்ளம் அதற்குத் தெரிந்திருந்தது. என் மகன் அதைப் பிடிக்கப் போனான். நாலு எட்டு நன்றாக வைத்தான். ஐந்தாவது எட்டைக் காற்றில் வைத்தான். தடுக்கி விழவில்லை, வழுக்கவும் இல்லை. இன்னும் தரை இருக்கிறது என்பதுபோல நேராக நடந்துபோய் விழுந்தான். கண் திறந்துதான் இருந்தது. கீழே பார்த்துக்கொண்டுதான் போனான்.

நெற்றி கீழ்ப்படியின் முனையில் பட்டது. ரத்தம் புதுச் சட்டையெல்லாம் ஊறிவிட்டது. வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடினார். பணம் என் கையில் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐந்து தையல் போட்டார். புதுச்சேரியில் படித்தவர், நடுவயதுக்காரர். கண்ணைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள் என்று நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தையல் பிரித்த அன்று அவர் பொறுமையாக விளக்கடித்துப் பார்த்தார். பென்சிலை அப்படியும் இப்படியும் நகர்த்தினார், கண் கூடவே போயிற்று. பிறகு பென்சிலைப் பக்கத்தில் நீட்டி எடுக்கச் சொன்னார். கை தாண்டிப் போயிற்று. அவனை மேசை மேல் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டார். இவன் விளிம்பைப் பார்த்துக்கொண்டே காலைக் காற்றில் எடுத்து வைத்தான். டாக்டர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"எத்தினி மாசத்துல தவழ்ந்தான்?"

வீட்டுக்காரர்தான் சொன்னார். "தவழவே இல்லீங்க."

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதையெல்லாம் கேட்டுவிட்டுப் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. பள்ளம் இவன் கண்ணுல நல்லா விழுது. ஆனா அது பள்ளம்னு இவனுக்கு யாரு சொல்றது? தவழ்ந்து, கைய ஊணி, நாலு எடத்துல விழுந்து எழுந்த ஒடம்புதான் கண்ணுக்கு அதச் சொல்லிக் குடுக்கணும். நீங்க தூக்கிட்டு நடந்தீங்க. கத்துக்கிட்டது ஒங்க காலு."

மருந்து ஒன்றும் எழுதவில்லை. இப்போது விட்டால் சரியாகுமா என்று கேட்டேன். தெரியாது, விட்டுப் பாருங்கள் என்றார். மருந்தில்லாத வியாதி என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பார்ப்பது கண்ணின் வேலை, நடப்பது காலின் வேலை என்றுதான் படித்த நாலு வரியிலும் இருந்தது. ஒன்றைக் கட்டிவைத்தால் இன்னொன்று கெடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விட்டுப் பார் என்றால் விட்டுவிட முடிகிறதா? வீட்டுக்கு வந்து குனிந்தேன். அவன் கால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது. என் கை இறங்க மறுத்தது. மனசுதான் தைரியம் சொன்னது, கை கேட்கவில்லை. இப்படியே எட்டு நாள் போயிற்று.

ஒன்பதாம் நாள் ராத்தா வந்தார். நான் பணத்தை எடுத்து நீட்டினேன். கணக்கு முடியாமல் கிடப்பதால்தான் இந்தக் கஷ்டமெல்லாம் என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்தது. அவர் வாங்கவில்லை.

"புள்ள யாரு புள்ள?" என்று கேட்டார்.

"ஒங்க புள்ளதான் ராத்தா. அதத்தான் இப்ப..."

"எம் புள்ளன்னா குடு. ஒங்கிட்ட இருந்தா இவன் சட்டியில வச்ச செடி. நான் தரையில விடுறேன். நீ என் வாசப்படி ஏறக் கூடாது. அழுதா கேட்டுக்க, வரக் கூடாது."

"விழுந்துட்டா?"

"விழத்தானே கொண்டுபோறேன்."

போகும்போது பணத்தைப் பற்றியும் சொன்னார். அதை அவன் அரைஞாணில் முடிந்து விடு, என்றைக்கு உன் படியிலிருந்து தானாக இறங்கி, என் படியில் தானாக ஏறி, தன் கையால் கொண்டுவந்து கொடுக்கிறானோ அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன், நீ கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்.

காலையில் கொண்டுபோவார், பகல் சோற்றுக்கு அனுப்புவார், மறுபடி சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் கொண்டுபோவார். நான் எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். 'தொப்' என்று சத்தம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வீறிட்டு அழுகை. அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஒவ்வொரு தடவையும் தொட்டிக்கரையில் நின்றேன். மூன்று வயதுப் பையன் குழந்தைபோலத் தவழ்கிறான் என்று தெருப் பிள்ளைகள் ராத்தா வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேலி செய்தார்கள். 'ஆமை, ஆமை' என்று கத்துவார்கள். முழங்காலும் உள்ளங்கையும் தோலுரிந்து வருவான். தேங்காய் எண்ணெய் தடவுவேன்.

இடுப்பு காலியானதும் எனக்கு வேறொன்று ஆயிற்று. இதை யாரிடமும் அப்போது சொல்லவில்லை. அரிசி அளந்தால் எத்தனை ஆழாக்கு போட்டேன் என்பது மறந்துபோகும். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். நடக்கும்போது இடது பக்கம் சாய்ந்தே நடந்தேன், அங்கே கனம் இருப்பதுபோல. மூன்று வருஷம் ஒரு கையாலேயே எல்லாம் செய்து, அந்தக் கனத்தோடேயே யோசித்துப் பழகியவளுக்கு இரண்டு கையும் கிடைத்ததும் புத்தி ஓடவில்லை. ஒருநாள் பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அரிசி அளந்தேன். கணக்கு தப்பவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ராத்தா என்னைக் கூப்பிட்டார். அவர் வாசல் மேடையில் அவன் விளிம்புவரை தவழ்ந்து வந்தான். நின்றான். ஒரு கையைக் கீழே விட்டுத் துழாவினான். கை எங்கும் படவில்லை. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் கோணி, அழுதான். முன்பெல்லாம் விழுந்த பிறகுதான் அழுவான். இப்போது விழுவதற்கு முன்னால் அழுதான். "வந்துருச்சு பாரு, பயம்," என்றார் ராத்தா. பிள்ளைக்குப் பயம் வந்ததற்காக இரண்டு பெண்கள் தெருவில் நின்று சந்தோஷப்பட்டது எங்கள் தெருவைத் தவிர வேறு எங்கேயாவது நடந்திருக்குமா தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு பகல்தான்.

ஏனென்றால் வந்த பயம் அளவோடு நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக, விளையாட்டோடு வரும். இவனுக்கு மொத்தமாக வந்தது. தரையில் கோலம் இருந்தால்கூட நின்று கையை வைத்துப் பார்ப்பான். நிழலைத் தாண்ட மாட்டான். சமதரையில் நன்றாக நடக்கப் பழகிவிட்டான், கிண்ணத்தைத் தப்பாமல் எடுத்தான், காக்கைக்குக் கை நீட்டுவதை விட்டுவிட்டான். படிதான் முடியவில்லை. தினமும் சாயங்காலம் அரைஞாணில் முடிந்த பணத்தோடு எங்கள் மேல்படியில் நிற்பான். எதிரே ராத்தா தம் படியில் உட்கார்ந்து, "வா வாப்பா, உம்மாகிட்ட வா," என்று கையை நீட்டுவார். இவன் போக வேண்டும் என்றுதான் நிற்பான். உடம்பெல்லாம் முன்னால் போகும், கால் வராது. உதடு நீலம் பாய்கிறவரை நின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். ராத்தாவின் மகள்தான் பின்பக்கமாக, வயிற்றைப் படியில் ஒட்டிக்கொண்டு இறங்கச் சொல்லிக்கொடுத்தாள். அப்படி ஒரு படி இறங்கினான். ஐப்பசியில் இரண்டாவது படி. மூன்றாவது பாக்கி.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் புயலும் சேர்ந்து வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், எங்கள் கீழ்ப்படியே தெரியவில்லை. மண்டபத்தூர்ப் பக்கத்திலிருந்து மீன்காரக் குடும்பங்கள் வந்து தங்கின. தண்ணீர் வடிந்ததும் ஊரில் வாந்திபேதி கண்டது. ராத்தாவுக்கு ஒரு காலையில் ஆரம்பித்தது. மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் முடிந்துவிட்டது. நான் உள்ளே போகவில்லை. வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அந்தச் சொல் காலைக் கட்டிப்போட்டது. நோய்க்குப் பயந்துதான் போகவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். சந்தூக்கில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போகும்போது என் மகன் மேல்படியில் நின்று, "உம்மா எறங்கிட்டாங்க," என்று சொன்னான். எப்படி இறங்கினார் என்று என்னைக் கேட்டான்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சைகோனிலிருந்து அவர் வீட்டுக்காரர் வந்து சேரவில்லை, கடிதம்தான் வந்திருந்தது. மகளை நாகூரில் சின்னம்மா வீட்டுக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. இன்று இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவன் அரைஞாண் முடிச்சைச் சரிபார்த்து மேல்படியில் விட்டேன். அவன் திரும்பிக் குப்புறப் படுத்து, வயிற்றை ஒட்டிக்கொண்டு, ஒரு காலை நீட்டித் துழாவித் துழாவி இறங்கினான். முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் வெகுநேரம் கிடந்தான். சிராய்த்து ரத்தம் கசிந்தது. நான் தூக்கவில்லை. என் நகம் என் உள்ளங்கையில் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. தெருவைத் தாண்டினான், எதிர்ப்படியில் கையை ஊன்றி ஏறினான். வாசலில் ராத்தாவின் மகள் நின்றாள். அவனே பணத்தை அவிழ்த்து அவள் பக்கம் நீட்டினான். கை சரியாக அவள் கைக்கு நேரே போய் நின்றது. அதை நான் பார்த்தேன்.

அவள் வாங்கவில்லை.

"வாங்கிக்கம்மா," என்றேன் தெருவிலிருந்தே. "ஒங்கம்மா சொன்னபடிதான் கொண்டாந்திருக்கான்."

அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் உம்மாவோட புள்ளைல்ல? அப்ப எனக்குத் தம்பி. தம்பிய நான் எப்புடி விக்கிறது?" என்றாள்.

பன்னிரண்டு வயசுப் பெண்ணோடு நான் என்ன வாதாடுவது? அவள் சின்னம்மாவிடம் கேட்டேன். மௌத்தாகிப் போனவர் பேசிவைத்த விலையை நாங்கள் வாங்கக் கூடாது என்று அந்த அம்மாளும் சொல்லிவிட்டார். மறுவாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அந்த வீடு கைமாறிவிட்டது.

என் மகன் இருக்கிறான். பெரியவனாகி உத்தியோகம் பார்க்கிறான். கீழ்த்தளத்தில் இருக்கிற ஆபீஸாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். மாடிப்படி என்றால் இன்றைக்கும் சுவரில் கையை வைத்து, ஒரு காலை முன்னால் விட்டுத் துழாவித்தான் இறங்குவான். கூட இறங்குகிறவர்கள் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். கண்ணில் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதில்லை. சொன்னால் பின்னே எதில் என்று கேட்பார்கள். அவனுக்குக் குழந்தை பிறந்து தவழத் தொடங்கியபோது நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஆறு மாதம் தனியாக இருந்துவிட்டேன். என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

சில நாள் நினைத்துக்கொள்வேன், அன்று அந்தப் பெண் பணத்தை வாங்கியிருந்தால் அவன் என் பிள்ளையாகியிருப்பான், மறுநாளே நான் அவனை இடுப்பில் தூக்கி வைத்திருப்பேன் என்று. விற்ற பிள்ளையாக இருந்ததால்தான் அந்த மூன்று படியாவது இறங்கினான். அதனால் நானும் பிற்பாடு அவர்களைத் தேடிப் போகவில்லை. அந்தப் பணம் அரைஞாண் கயிற்றுத் துண்டோடு பெட்டியில் கிடக்கிறது. ஒரு வெள்ளி ரூபாய், ஒரு நாலணா. ஒன்றேகால் ரூபாய் பாக்கி.